முற்றத்து மர மேசை: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

வெயிலும் மழையும் படுகிற இடத்தில் போட்ட மர மேசையில் ஒரு கோளாறு தெரிந்ததும் நம் கை முதலில் தேடுவது பட்டியையும் பெயின்ட் டப்பாவையும்தான். வெடிப்பை அடைத்து மேலே ஒரு கோட் அடித்துவிட்டால் அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த ஐப்பசி மழையில் அதே இடம் இன்னும் அகலமாக வாய் திறக்கும். மரம் ஈரத்தை இழுத்தால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். எந்த ஆணியாலும் பசையாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. வெளியில் கிடக்கும் மேசையின் கோளாறுகளில் முக்கால்வாசி, மரம் விரிந்து சுருங்க இடம் இல்லாததால் வருகிறது. இல்லையென்றால் தண்ணீர் வடிய வழி இல்லாததால் வருகிறது. எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் இந்த இரண்டையும் தேடுங்கள்: மரம் எங்கே இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது.

நான் மனதில் வைத்துப் பேசுவது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சாதாரண மேசை. 5 அடி நீளம், 2½ அடி அகலம். மேலே 6 இன்ச் அகலத்தில் ஐந்து பலகைகள், கனம் ஒன்றேகால் இன்ச். 3 இன்ச் சதுரத்தில் நான்கு கால்கள், கால்களை இணைத்துச் சுற்றிலும் ஒரு சட்டம், பலகைகளுக்கு அடியில் மூன்று குறுக்கு ரீப்பர்கள். மரம் பழைய வீடு இடித்த தேக்காக இருக்கலாம், தோட்டத்தில் வெட்டிய வேம்பு, பலா, பூவரசாக இருக்கலாம், பேக்கிங் பாலட்டைப் பிரித்த பைன் பலகையாகவும் இருக்கலாம். இழைத்துப் பளபளப்பாக்காமல், முடிச்சும் ரம்பத் தடமும் தெரியும்படி விட்ட மேசை. அப்படி விட்டாலும் அளவும் இணைப்பும் துல்லியமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். தேக்கு அதிகம் விரிந்து சுருங்காத மரம் என்று பெயர் பெற்றது. அதிலேயே மழைக்காலத்துக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையில் மரத்தின் ஈரம் 6 சதவீதம் மாறினால், 6 இன்ச் பலகை ஒன்று ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம் மாறும். ஐந்து பலகைக்கும் சேர்த்தால் ஒரு சென்டிமீட்டர். நீளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஏதும் இருக்காது. மற்ற பல மரங்களில் இந்த அசைவு இன்னும் கூடுதல்.

மேசை ஆடுகிறது

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலைக் கால் தரையை விட்டுத் தூக்குவது ஒன்று. நான்கு காலும் தரையிலேயே இருக்க, மேல்பகுதி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வது இன்னொன்று. முதலாவதற்குத் தரையோ காலின் அளவோ காரணம். இரண்டாவதற்கு இணைப்பு காரணம். இதைப் பிரித்துப் பார்க்காமல் காலை அறுக்கத் தொடங்கினால் மேசை குள்ளமாகுமே தவிர ஆட்டம் போகாது.

கால் தூக்கினால், மேசையை நின்ற இடத்திலேயே 90 டிகிரி சுழற்றி வைத்துப் பாருங்கள். வேறு மூலை தூக்கினாலோ ஆட்டம் நின்றாலோ தரைதான் சமமாக இல்லை. மேசையைத் தொட வேண்டாம், நிற்கிற கோணத்திலேயே விட்டுவிடலாம். எப்படித் திருப்பினாலும் அதே கால் தூக்கினால், சமதரையில் மேசையை நிறுத்தி, குட்டையாக இருக்கும் காலுக்கடியில் அட்டையைச் சொருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்து மேல்பரப்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இடைவெளியை விடச் சற்றே கனமான ஒரு மரத்துண்டைத் தரையில் கிடத்தி, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டோடு அறுத்தால் நான்கும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும்.

மேல்பகுதி சாய்ந்தால், குனிந்து கால்–சட்ட இணைப்பில் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை மேசையை ஆட்டச் சொல்லுங்கள். எந்த இணைப்பு நெகிழ்கிறது என்பது விரலுக்குத் தெரியும். நட்டு போல்ட்டு போட்டிருந்தால் பெரும்பாலும் இறுக்கினாலே போதும். கார்த்திகையில் ஈரமரத்தில் முறுக்கிய போல்ட்டு பங்குனியில் நெகிழாமல் இருக்காது, ஏனென்றால் அது பிடித்திருந்த மரம் சுருங்கிவிட்டது. புது மேசைக்கு முதல் கோடையில் எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்கிவிட வேண்டும். நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் இல்லையென்றால் நட்டு மரத்துக்குள் புதையும், பிடிப்பு நிற்காது. வாஷரைப் போட்டுவிட்டு முடுக்குங்கள்.

வெறும் ஸ்குரூவை நம்பி, அதுவும் சட்டத்தின் தலைப்பகுதிக்குள் நீளவாக்கில் முறுக்கியிருந்தால் சிக்கல்தான். நார் ஓடும் திசையிலேயே இறங்கும் ஸ்குரூவுக்குப் பிடிப்பு மிகக் குறைவு. அங்கே பெரிய ஸ்குரூ போட்டுப் பார்ப்பது வீண். காலுக்கும் நீளச் சட்டத்துக்கும் இடையே 45 டிகிரியில் ஒரு சாய்வுத் தாங்கு கொடுங்கள். முக்கோணம் அமைந்துவிட்டால் அந்த மூலை நெளியாது. நான்கு மூலைக்கும் கொடுக்கும்முன் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் ஒரே அளவு வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கோணலாகவே நிலைத்துவிடும்.

பலகை குழிந்து ஓரம் தூக்கி நிற்கிறது

மழை விட்டபின் மேசைமேல் நீளவாக்கில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத்தான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். பலகையின் குறுக்கே ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

பலகையின் தலைப்பை, அதாவது குறுக்கே அறுத்த முனையைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் வில்போல வளைந்து தெரியும். காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும். ஆகவே, வளையம் மேல்நோக்கிக் கவிழ்ந்திருக்கும்படி பலகையைப் போட்டிருந்தால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நடுவில் குழி விழும். வளையம் கிண்ணம்போல நிமிர்ந்திருக்கும்படி போட்டால் நடு சற்றே உயரும், தண்ணீர் இரு பக்கமும் வழியும். முழுக்கக் காயாத மரத்தில் இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிக் கோளாறு வராது.

வளையம் சரியாக இருந்தும் குழிந்தால், பூச்சைச் சந்தேகியுங்கள். மேல்பக்கம் மட்டும் வார்னிஷோ எண்ணெயோ பூசி, அடிப்பக்கத்தைப் பச்சையாக விட்டவர்கள்தான் அதிகம். அடிப்பக்கம் தரையின் ஈரத்தை இழுத்து விரிய, மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்க, பலகைக்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை. கண்ணில் படாத அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்குப் பூசிய அதே எண்ணெயை அதே எண்ணிக்கையில் பூச வேண்டும்.

வளைந்த பலகையைத் திரும்பக் கொண்டுவர முடியும். ஸ்குரூவைக் கழற்றி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி நனைத்த புல்தரையிலோ ஈரச் சாக்கின்மேலோ காலையில் போடுங்கள். கீழே ஈரம், மேலே வெயில். குழிந்த பக்கம் விரியவும் மேடான பக்கம் சுருங்கவும் தொடங்கும். மணிக்கொரு முறை ஸ்கேலை வைத்துப் பாருங்கள், நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே நிமிர்ந்துவிடலாம், அளவு தாண்டி மறுபக்கம் வளைந்துவிடவும் கூடும். நேரானதும் நிழலில் ஓரிரு நாள் காற்றாட விட்டு, முடிந்தால் புரட்டிப் போட்டு ரீப்பரில் பொருத்துங்கள். அப்படியும் முரண்டு பிடிக்கும் பலகைக்கு, அடிப்பக்கத்தில் நீளவாக்கில் கனத்தின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு இன்ச் இடைவெளியில் ரம்பத்தால் பள்ளம் கீறிவிட்டால் இறுக்கம் தளரும்.

பொருத்தும்போது பலகைக்குப் பலகை இரண்டு நூல் இடைவெளி, அதாவது 6 மில்லிமீட்டர், கண்டிப்பாக விடுங்கள். ஈரமான மரம் என்றால் ஒரு நூல் போதும், காய்ந்ததும் தானே அகலும். பலகைகளை நெருக்கிப் பசை போட்டு ஒரே பரப்பாக்கும் ஆசை இருந்தால் அது வரவேற்பறை மேசைக்கு இருக்கட்டும். வெளியில் அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

வெடிப்பு விழுந்திருக்கிறது

வெடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

பலகையின் தலைப்பில் இருந்து உள்ளே ஓடும் கீறல், தலைப்பு முந்திக் காய்ந்ததால் வந்தது. மரத்தின் நார்கள் குழாய்போல் நீளவாக்கில் ஓடுவதால், வெட்டிய தலைப்பு வழியாக ஈரம் பக்கப் பரப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். தலைப்பு சுருங்கி நடுப்பகுதி சுருங்காமல் நின்றால் பிளக்காமல் என்ன செய்யும்? மரவாடியில் இருந்து பலகை வந்த அன்றே தலைப்புகளுக்குப் பழைய பெயின்டோ உருக்கிய மெழுகோ தடவிவிடுவது இதற்குத்தான். விழுந்த கீறல் ஓரிரு இன்ச் என்றால் அந்தத் துண்டை அறுத்து எறிந்துவிட்டு, புதுத் தலைப்பை மூடுங்கள். சவுக்கும் தைலமரமும் இந்த விஷயத்தில் பொல்லாதவை. பச்சையாக அறுத்து வெயிலில் போட்டால் கண்முன்னே பிளக்கும்.

ஸ்குரூ வரிசையோடு ஓடும் வெடிப்பு, மரத்தை இறுக்கிப் பிடித்ததன் விளைவு. அகலமான ஒரே பலகையை இரண்டு ஓரத்திலும் அசையாமல் முறுக்கிவிட்டால் கோடையில் அது சுருங்கும்போது இரண்டு ஸ்குரூவுக்கும் நடுவே கிழியும். ரீப்பரில் நடு ஸ்குரூவை மட்டும் இறுக்கமாக வையுங்கள். ஓரத்து ஸ்குரூக்களுக்கு ரீப்பரில் உள்ள ஓட்டையைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளையாக இழுத்துவிட்டு, வாஷர் போட்டு முறுக்குங்கள். பலகை நகரும், ஆனால் கழன்று வராது. 6 இன்ச் பலகைக்கு இது கட்டாயமில்லை. ஒரு அடிக்கு மேல் அகலமான ஒற்றைப் பலகைக்குக் கட்டாயம். பலகைகளின் தலைப்பில் குறுக்கே ஒரு சட்டம் வைத்து அழகுக்காக மூடியிருந்தாலும் இதே விதிதான், அந்தச் சட்டத்துக்கு முழு நீளத்துக்கும் பசை போடக் கூடாது.

மூன்றாவது, பலகை நடுவில் மேல்பரப்பில் தெரியும் நீண்ட வெடிப்பு. தலைப்பில் மரத்தின் மையப்புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்தப் பலகை மரத்தின் நடுவை நீக்காமல் அறுக்கப்பட்டது, அது வெடித்தே தீரும். இரண்டு ஓரமும் மரத்தின் இயல்பான வளைவோடு விட்ட அகலமான பலகைகளில் இது அதிகம். வெடிப்பு ஆடாமல் நின்றுவிட்டதென்றால் அப்படியே விடலாம், இந்த வகை மேசைக்கு அது அழகுதான். வளர்கிறதா என்று அறிய வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டினால் வெடிப்பின் குறுக்கே, நடு ஒடுங்கி இரு பக்கமும் அகன்ற பட்டாம்பூச்சி வடிவ ஆப்பை உளியால் பொளித்துப் பதித்து எபாக்ஸிப் பசையால் ஒட்டலாம். ஆப்பின் நார், வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். பட்டி மட்டும் வேண்டாம். மரம் விரியும்போது உள்ளே கல்லாகிக் கிடக்கும் பட்டி ஆப்புபோல நின்று வெடிப்பை நீட்டிவிடும்.

காய்ந்த மரமா என்று தெரியவில்லை என்றால், அதே பலகையில் ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் எடை போட்டு நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு மேசை செய்யலாம். மீட்டர் இருந்தால் 12 முதல் 15 சதவீதம் காட்டினால் போதும்.

கறுப்புக் கறை

இங்கே இரண்டு எதிரிகள் ஒரே நிறத்தில் வருகிறார்கள். ஒன்று பூஞ்சை. மற்றொன்று இரும்பு. தேக்கு, கருவேலம் மாதிரித் துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் ஈர இரும்பு பட்டால் மை மாதிரிக் கறுப்பு ஊறும். ஸ்குரூ தலையைச் சுற்றி ஆரம்பித்து நார் ஓடும் திசையில் வால் நீண்டிருந்தால் அது இரும்பு. பரவலாகப் புள்ளி புள்ளியாக, நிழல் பக்கத்தில் அதிகமாக இருந்தால் பூஞ்சை.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரில் ஒரு சொட்டைக் கறையின்மேல் விடுங்கள். பூஞ்சையாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்து, சுற்றிலும் கறுப்பு அப்படியே நிற்கும். இரும்புக் கறையாக இருந்தால் அந்தச் சொட்டு காய்ந்த பிறகும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

பூஞ்சைக்கு அதே கரைசலை நீர்க்க வைத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் மேசை எந்தச் சுவரோரம், எந்த மரநிழலில் இருக்கிறது என்று பாருங்கள். காற்று படாத இடத்தில் இருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சமைக்கிற எண்ணெயையோ காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயையோ பூசியிருந்தாலும் பூஞ்சைக்கு அதுவே தீனி.

இரும்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்து, கறை பட்ட பலகை முழுக்கப் பிரஷ்ஷால் தடவுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் தடவினால் திட்டாகத் தெரியும். அரைமணி நேரம் விட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். இது விஷம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, குழந்தைகளும் நாயும் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். சோதனைக்கு விட்ட பிளீச்சிங் நீரை முழுக்கக் கழுவிய பிறகே இதைத் தொட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கறை போனாலும் அதே ஸ்குரூ இருந்தால் அடுத்த மழையில் திரும்பி வரும். கறுப்பு நிறத்தில் மலிவாகக் கிடைக்கிற ஸ்குரூக்கள் ஜிப்சம் போர்டுக்குச் செய்யப்பட்டவை, வெளியில் துருப்பிடிக்கும், கெட்டி மரத்தில் கழுத்து முறியும். 304 தர எவர்சில்வர் ஸ்குரூ வாங்குங்கள். கடலோர ஊர் என்றால் 316. விலை வித்தியாசம் உண்மைதான், ஆனால் ஒரு மேசைக்கு ஐம்பது அறுபது ஸ்குரூதான் ஆகும். இந்தச் செலவில் நான் பேரம் பேச மாட்டேன். எவர்சில்வர் கொஞ்சம் மென்மையானது என்பதால் 4 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்குக் கெட்டி மரத்தில் முதலில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, மரையில் கொஞ்சம் சோப்போ மெழுகோ தடவி முறுக்குங்கள். முறிந்துபோகும் ஸ்குரூக்களில் அநேகம் துளை போடாமல் முறுக்கியவைதான். பழைய வீட்டு மரத்தில் உள்ளே புதைந்த ஆணியும் கறுப்பு வட்டமாகத்தான் காட்டிக்கொடுக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்த்து எடுத்துவிடுங்கள், இழைப்புளிக்கும் ரம்பத்துக்கும் அதுதான் எமன்.

வார்னிஷ் உரிகிறது, அல்லது எண்ணெய் பிசுபிசுக்கிறது

கண்ணாடி மாதிரி ஏறிய வார்னிஷ் வெளியில் ஓரிரு வருடத்தில் செதில் செதிலாக வந்தால், பூசியவர் மேல் பழி போட வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் படலத்தின் வழியே இறங்கி, அதற்கு அடியில் உள்ள மரநாரைக் கட்டிவைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. படலம் பிடித்துக்கொள்ள அடியில் மரம் இல்லாமல் போகிறது. ஒரு மயிரிழை விரிசல் வழியாக மழைநீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. உரிந்ததன்மேல் இன்னொரு கோட் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும். முழுக்கச் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120 போட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது.

வெளியில் போடும் மேசைக்கு என் ஓட்டு எண்ணெய்க்குத்தான். படலம் இல்லாததால் உரிய எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கொருமுறை கழுவி, காயவைத்து, துணியால் ஒரு கோட் தேய்த்தால் முடிந்தது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயுடன் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் கோட், அதற்குமேல் எண்ணெய் மட்டும் இரண்டு கோட். தடவிய கால்மணி இருபது நிமிடத்தில் மேலே மிஞ்சி நிற்கும் எண்ணெயைக் காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பிசுபிசுப்பு வருவது இதைச் செய்யாததால்தான், அல்லது மழைமூட்டத்தில் பூசியதால். பிசுபிசுத்துப் போனதை டர்பன்டைன் தொட்ட, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து எடுத்து, நல்ல வெயில் நாளில் மெல்லிசாக மறுபடி பூசுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கடற்கரை ஊர்களில் மரப்படகுகளுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பண்ருட்டிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும், மரத்தைக் கரும்பழுப்பாக்கிவிடும். சாப்பிடும் மேல்பலகைக்கு வேண்டாம், கால்களின் அடிக்கும் சட்டத்தின் உள்பக்கத்துக்கும் அருமையானது.

அடியில் மாவு கொட்டுகிறது, துளை தெரிகிறது

காலையில் மேசைக்கு அடியில் அரிசிமாவு தூவினாற்போல மெல்லிய தூள் கிடந்தால், மேலே குண்டூசித் தலை அளவுத் துளைகளைத் தேடுங்கள். மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. மரத்தை உளுக்க வைக்கும் வண்டின் புழு தின்பது மரத்தின் வெளுத்த வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்தை. வைரம் பாய்ந்த உள்பகுதியை அது அநேகமாகத் தொடாது. மாமரம், ரப்பர் மரம், மூங்கில், வேம்பின் வெள்ளைப்பகுதி எல்லாம் அதற்கு விருந்து. துளை தெரிகிறது என்றால் வண்டு வெளியே போய்விட்டது, ஆனால் அதன் முட்டைகள் உள்ளே இருக்கலாம். துளைகளைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்து, புதுத் துளையோ புதுத் தூளோ வருகிறதா என்று சில வாரம் பார்த்த பின் முடிவெடுங்கள். வந்தால், பூசிய எண்ணெயைச் சுரண்டிவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து மரம் குடிக்கும் மட்டும் தடவ வேண்டும். அது நீரில் கரைந்து போகிற மருந்து, மழை பட்டால் வெளியேறிவிடும். ஆகவே காய்ந்ததும் நன்றாக எண்ணெய் பூசி மூடுங்கள். மரப்பட்டையோடு விட்ட ஓரம் என்றால் பட்டையைக் கழற்றிவிடுவதே நல்லது. பட்டைக்கு அடியில்தான் பூச்சிக்குடித்தனம் நடக்கும், எப்படியும் அது ஒருநாள் தானே விழுந்துவிடும்.

விரல் நுழைகிற அளவில் உருண்டையான துளையும், கீழே சொரசொரப்பான மரத்தூளும் இருந்தால் அது தச்சுத் தேனீ. கருநீலமாய், பெரிதாய், ரீங்காரத்தோடு பறக்கும். மரத்தைத் தின்பதில்லை, கூடு கட்டத்தான் குடைகிறது. பூச்செடிகளுக்கு வேண்டிய உயிர். அது பறந்து போயிருக்கும்போது துளையில் மரக்குச்சியை அறைந்து மூடிவிட்டு எண்ணெய் பூசுங்கள், பக்கத்தில் பழைய காய்ந்த கட்டை ஒன்றை விட்டுவையுங்கள். அது அங்கே குடிபோகும்.

காலில் மண் வரி ஏறியிருந்தால் கரையான். மண்ணைத் தட்டிவிட்டு, மறுநாள் வரி திரும்பக் கட்டப்பட்டிருந்தால் கூட்டத்தில் உயிர் இருக்கிறது. மேசையை உடனே மண்தரையில் இருந்து எடுத்து வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். கரையான் ஈரமண்ணோடு தொடர்பு அறுந்தால் தாக்குப்பிடிக்காது.

காலின் அடி மெத்தென்று இருக்கிறது

ஸ்குரூடிரைவர் முனையால் காலின் அடியைக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை நின்று, கையில் அதிர்வு வரும். மக்கிய மரத்தில் சத்தமில்லாமல் இறங்கும், எடுக்கும்போது கறுத்த நார் ஒட்டிக்கொண்டு வரும். காலின் அடிதான் முழு மேசையிலும் மோசமான இடம். அங்கே நார்க்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து தண்ணீரில் நிற்கின்றன.

முனை அரை இன்ச் ஆழத்துக்குள் நின்றுவிட்டால், மக்கியதைச் சுரண்டி, வெயிலில் நாலைந்து நாள் கவிழ்த்துக் காயவைத்து, எபாக்ஸியைச் சற்று வெதுவெதுப்பாக்கி ஊற்றிக் குடிக்க விடுங்கள். ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கிவிடுங்கள். அடியில் கிரானைட் கடையில் ஒதுக்கிய நாலு இன்ச் துண்டு ஒன்றைக் காலுக்கு ஒன்றாக வைத்து, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்தால் கால் தண்ணீரை விட்டு மேலே நிற்கும். கரையானுக்கும் அதே கல் தடுப்பு, ஏறினாலும் கண்ணில் படும்.

இரண்டு இன்ச்சுக்கு மேல் இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டுவதுதான் வழி. மக்கிய இடத்துக்கு மேலே நாலு இன்ச் தள்ளி, காலைப் பாதிக் கனத்துக்கு வெட்டி, அதே மாதிரிப் பாதி வெட்டிய புதுத் துண்டை அதில் ஒட்டி இரண்டு எவர்சில்வர் போல்ட்டால் இறுக்குங்கள். புதுத் துண்டு வைரம் பாய்ந்த மரமாக இருக்கட்டும். அடுப்புக்கும் கரிக்கும் போகிற சீமைக்கருவேலத்தின் உள்வைரம் இதற்கு மிக நல்லது. விரிந்து சுருங்குவது மிகக் குறைவு, சீக்கிரம் மக்காது. நீளப் பலகை கிடைக்காது, முறுகிய துண்டுதான் கிடைக்கும், ஆனால் காலின் அடிக்கு அரை அடி போதுமே. வெளுத்த வெளிப்பகுதியை மட்டும் முழுக்கச் செதுக்கி எறிந்துவிடுங்கள். வீட்டு வேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை இங்கே தாங்காது, எபாக்ஸிதான் வேண்டும்.

சின்னச் சின்னது

முழங்கால் சட்டத்தில் இடிக்கிறதா? மேசை உயரம் 30 இன்ச், தரையில் இருந்து சட்டத்தின் அடிவரை குறைந்தது 24½ இன்ச், பெஞ்சு 17 அல்லது 18 இன்ச். சட்டம் அதிகம் இறங்கியிருந்தால் நடுப்பகுதியை மட்டும் மேல்நோக்கி வளைவாக அறுத்துவிடலாம், காலோடு சேரும் இடத்தில் அகலம் குறையக் கூடாது.

பலகை நடுவில் தொய்ந்தால் ரீப்பர்களின் இடைவெளியை அளங்கள். ஒரு இன்ச் பலகைக்கு இரண்டு அடிக்கு மேல் போகக் கூடாது. கனத்தை இரட்டிப்பாக்கினால் பலகையின் விறைப்பு எட்டு மடங்காகும், ஆனால் அதைவிட இன்னொரு ரீப்பர் மலிவு.

மேல்பரப்பு கையில் சிலாம்பு ஏற்றினால், ஈரத்துணியால் துடைத்து நார் எழும்ப விட்டு, காய்ந்ததும் 120 உப்புத்தாளால் நார் ஓடும் திசையில் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். புது மேசை முதல் மழையில் டைல்ஸில் பழுப்புக் கறை விட்டால் பயப்பட வேண்டாம், மரத்தின் துவர்ப்பு இறங்குகிறது. முதல் சில மழைக்கு மண்தரையில் கல் வைத்துப் போட்டுவிட்டு அப்புறம் டைல்ஸுக்குக் கொண்டு வாருங்கள்.

பாலட் பலகையாக இருந்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது, அதில் சாப்பாட்டு மேசை செய்யாதீர்கள். முத்திரையே இல்லாத, எண்ணெய் சிந்திய பலகையும் அப்படித்தான்.

மேசை சாம்பல் நிறமாகிவிட்டது

இதைக் கோளாறாகக் கருதிக் கேட்பவர்கள்தான் அதிகம். வெயில் சிதைத்த லிக்னினை மழை கழுவிப் போக, மிஞ்சுவது வெளிறிய நார். அந்தச் சாம்பல் அடுக்கு மிக மெல்லியது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கீழே பழைய தேன்நிறம் அப்படியே இருக்கும். மரத்தின் பலத்துக்கு எந்தக் குறையும் இல்லை. நிறம் திரும்ப வேண்டுமென்றால் மேலே சொன்ன ஆக்ஸாலிக் கரைசலில் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் பூசுங்கள். நிறமிகள் கலந்த எண்ணெய் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் தடுக்கும், தெளிந்த எண்ணெயால் அது முடியாது. நிறம் வேண்டாம் என்று விட்டாலும், பலகைத் தலைப்புகளுக்கும் கால் அடிகளுக்கும் மட்டும் ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்னால், எண்ணெய் வைத்துவிடுங்கள்.